நேத்து என்ன சாப்ட்டீங்க

என்கிட்டயேவா கேக்குற லுசுங்கு? நேத்து என்ன சாப்ட்டீங்கன்னு? இந்த மலாவி பூரா அதக் கேட்டுக் கேட்டே தலை நரைச்சவ நான். மங்கோச்சி பக்கம் எனக்குப் பேரே நேத்தக்காதான், தெரியுமா? என் ஜீப்பு வர்ற சத்தம் கேட்டாலே, நேத்து என்னடி தின்னோம்னு பொம்பளைங்க ஒருத்திய ஒருத்தி கேட்டுக்குவாளுங்க.

சொல்றேன், இரு. எடை கொறைஞ்சிருக்கு, சரி. நர்சுன்னா கேக்கத்தான் செய்வ. ஆனா திங்கக்கிழம நான் இன்சாஞ்சே போயாகணும்மா. வெள்ளம் வடிஞ்ச ஊருங்க, புள்ளைங்க தட்டுல என்ன விழுதுன்னு பாக்கணும். ஒடம்பு நல்லாருக்குன்னு நீ சொன்னாத்தான் பல்கலைக்கழகத்துல என்னையக் கணக்கெடுக்க அனுப்புவாங்க.

நேத்தா? இன்சிமாக் களி, கோழிக்கொழம்பு. போதுமா?

ஏன் அப்பிடிப் பாக்குற?

சரி, ஒரு கூத்தச் சொல்றேன் கேளு. லண்டன்ல வளந்து, அங்கயே படிச்சிட்டு, அந்தத் திமிரோட மொதமொதல்ல ஒரு கிராமத்துல போய் எறங்குறேன். வீடு வீடாப் போயி சாப்ட்டீங்களான்னு கேட்டா, இல்ல, இல்ல, இல்ல. பதறிட்டேன். ஊரே பட்டினின்னு போனப் போட்டு, லாரியில சோள மூட்டைய வரவழைச்சிட்டேன். லாரி வந்து நிக்குது, பொம்பளைங்க வாய் நெறைய சக்கரவள்ளிக் கெழங்கு. என்னம்மா இதுன்னா, கெழங்கெல்லாம் சாப்பாடா, அரிசிச் சோறு கூட வாய்க்கு வேலதான், இன்சிமா உள்ள எறங்குனாத்தான் சாப்ட்டோம்னு சொல்லுவோம்ங்குறாளுங்க. லாரி ஓட்டிட்டு வந்த மனுசன் சிரிச்ச சிரிப்புல தரையில உக்காந்துட்டாரு. அந்தச் சிரிப்புக்காகவே அப்பறமா அவரக் கட்டிக்கிட்டேன். ஆமா, மசௌகோதான்.

அதுக்கப்பறம் உசாராயிட்டேன். சாப்ட்டியான்னு கேக்க மாட்டேன், வாயில என்ன போட்டன்னு கேப்பேன். அது யார் தட்டுல எவ்ளோ விழுந்துச்சுன்னும் கேப்பேன். மீன் வந்திருக்கும். சதை புருசனுக்கு, கொழம்பு புள்ளைங்களுக்கு, ஆக்குனவ சட்டிய வழிச்சிருப்பா. ஊருக்கு மூட்டை போயிருச்சுன்னு கைதட்டாதீங்கய்யா, அவ தட்டுக்குப் போச்சான்னு பாருங்கன்னு ஆபீஸ் ஆபீஸா கத்துனேன். குடும்ப விசயத்துல மூக்க நொழைக்காதீங்க மேடம்னான் ஒரு பெரிய அதிகாரி. மூக்கென்ன, முழு ஆளாவே நொழைஞ்சேன்.

புருசன் பக்கத்துல இருந்தா எல்லாவளும் கோழின்னுதான் சொல்லுவா, கவுரவம். நான் சும்மா விடுவேனா? கோழியோட எரப்பை யாருக்குப் போச்சுன்னு ஒரு போடு போடுவேன். நெசமாவே கோழி அடிச்சவ, வேற யாருக்கு, வீட்டு ஆம்பளைக்குத்தான்னு பட்டுன்னு சொல்லிருவா. பொய் சொன்னவ முழிப்பா.

என்னது? நேத்து எரப்பை யாருக்குப் போச்சாவா?

அடிப்பாவி. என் வித்தைய என்கிட்டயே காட்டுறியா?

எரப்பை... மசௌகோவுக்குத்தான். அவரு அத என் தட்டுல தள்ளுவாரு, நான் திருப்பித் தள்ளுவேன், கடைசியில ஆறிப்போயி பாதி பாதியாத் திம்போம்.

சரி விடு. மனுசன் கண்ண மூடி ஒரு மழைக்காலமே முடிஞ்சிருச்சே. கோழியும் இல்ல, கொழம்பும் இல்ல. அடுப்பையே பத்த வெக்கல லுசுங்கு. டீ, பிஸ்கட்டு, அவ்ளோதான். ஒத்த ஆளுக்குக் களி கிண்டி, ஒத்தையா உக்காந்து எப்பிடித் திங்குறது? அங்க இன்சாஞ்சேல யார் வீட்டுக்குப் போனாலும் சாப்புடுன்னு உக்கார வெச்சிருவாங்க. அதுக்காகத்தான் இந்தப் பறப்பு, வேற என்ன.

ஆமா, நீ மத்தியானம் எங்க சாப்புடுவ?

இல்ல, சும்மாத்தான் கேட்டேன்.