சுவரில் ஏற வேண்டிய இருபத்தேழு

ஹலோ... வெண்டல் ஹேவர்காம்ப் அவர்களா? வணக்கம். கார்வின் ஸ்டக்கி பேசுறேன், காலேஜ் விளையாட்டுத் துறையிலேருந்து... ஆமா ஆமா, அதே கார்வின்தான். நீ ஆடறப்போ பெஞ்சுல உக்காந்திருந்தவனேதான். இப்ப துறைத் தலைவர்... சரி, அதை விடு. சனிக்கிழமை விழாவுக்கு எழுதினதை வாசிக்கிறேன், கேளு. "கான்சஸ் சமவெளி கோதுமையை மட்டும் விளைவிக்கவில்லை, காலத்தை வென்ற ஒரு மாவீரனையும் விளைவித்தது. கல்லூரி நாட்களில் பந்துகளை வேலி தாண்டிப் பறக்கவிட்ட அவர், அதன்பின் பதினேழு ஆண்டுகள் தொழில்முறை பேஸ்பாலின் உச்சியில்..." என்னடா, அழுறியா?... மூக்கடைப்பா. சரி.

இந்த இடத்துல ஒரு ஓட்டை இருக்கு. பெரிய லீக்ல நீ எத்தனை ஆட்டம் ஆடினேன்னு சொன்னா அடைச்சிருவேன்... தோராயமாச் சொன்னாப் போதும்... ம்... இல்ல, எத்தனை ஆட்டத்துக்குப் போனேன்னு கேக்கல. எத்தனை ஆட்டத்துல ஆடின?...

ஒண்ணுகூட இல்லையா? டேய். விளையாடாத.



அப்ப பதினேழு வருஷம் அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு என்னதான் பண்ணின?... ஆமா, புல்பென் தெரியும். வேலிக்குப் பின்னாடி, பந்து வீசறவன் ஆட்டத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி கை சூடேத்துற இடம்... அவன் வீசுவான், நீ குந்தி உக்காந்து பிடிப்ப. சரி, அப்புறம்?... அவன் உள்ள போவான். நீ?... அங்கயே இருப்ப.

உன்னை டிவியில பாத்தோமேடா. மைதானத்துக்குக் குறுக்கால ஓடி வந்தியே... ஓ. சண்டைக்கா. ரெண்டு டீமும் அடிச்சுக்கிட்டா புல்பென்ல இருக்கிறவங்களும் ஓடி வரணும், ஆமா ஆமா, அது வழக்கம்தான்... நீ வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சா?... எப்பவுமேவா?... தூரம்தான், புரியுது.

நீ பொய் சொன்னேன்னு யாரு சொன்னா? நாங்க கேக்கலை, அவ்ளோதான். உங்கப்பா வந்து "பதினேழு வருஷம் பெரிய லீக்"னாரு. கமிட்டியே எந்திரிச்சு நின்னு கைதட்டிச்சு... ம்... வீசறவங்கள்லாம் உன்னை மதிச்சாங்க, சரி. பேராவது தெரியுமா அவங்களுக்கு?... "ஹேவி"ன்னு கூப்பிட்டாங்களா. அழகு... ஆமாடா, நானும் பெஞ்சுலதான் இருந்தேன். ஆனா என் நம்பரைச் சுவர்ல எழுதறேன்னு யாரும் சொல்லலையே.

(குரல் மீண்டும் அலுவலகக் குரலாகிறது.)

விஷயத்துக்கு வர்றேன். உன் சட்டை நம்பர் இருபத்தேழை வேலிச் சுவர்ல எழுதி, இனி வேற யாரும் அதைப் போடக்கூடாதுன்னு ஓய்வு குடுக்கிறதா இருந்தோம்ல. அது தள்ளிப் போகுது... எதுவரைக்குமா? அப்படித் தேதியெல்லாம் இல்ல... என்ன, உங்கப்பாவை முதியோர் இல்லத்து வேன்ல கூட்டிட்டு வர்றியா? டை கூட எடுத்து வெச்சுட்டாரா... வரட்டும், வரட்டும். நாற்காலி போடறோம். சுவருக்கு முதுகு காட்டிப் போட்டுருவோம்.

நீயும் சும்மா நிக்க வேண்டாம். டிராக்டர் விக்கிற ஃப்ரீசன்தான் அன்னைக்கு முதல் பந்து வீசறாரு, சம்பிரதாயத்துக்கு. நீ குந்திப் பிடி. உனக்குப் பழகின வேலைதானே... முட்டி மடங்காதா?... ரெண்டுமே மாத்தியாச்சா. அப்ப நின்னுக்கிட்டே... வேண்டாம் வேண்டாம், அவர் வீசினா கணுக்கால் உசரத்துக்கு மேல வராது. விடு, வேற ஆளைப் பாக்குறேன்.

என்ன?... மெதுவாச் சொல்லு... சுவர் வேண்டாம், விழா வேண்டாம், நம்பரை மட்டும் வேற யாருக்கும் குடுக்காதங்கிறியா... அப்பா கண் மூடற வரைக்கும்... ம்... ம்... வெண்டல், எப்படிச் சொல்றது. ஆட்டக்காரங்க யாரும் அதைக் கேக்கவே இல்ல, சத்தியமா... இப்ப யார்கிட்ட இருக்குன்னா...

இல்ல, லைன்லதான் இருக்கேன்.

வெட்டுக்கிளிகிட்ட... பூச்சி இல்லடா, நம்ம காலேஜ் வெட்டுக்கிளி. ஆட்டத்துக்கு நடுவுல பச்சை வேஷம் கட்டிக்கிட்டுக் குட்டிக்கரணம் போடுவானே ஒருத்தன், அவன்தான். நீ போன அடுத்த வருஷத்துலேருந்து உன் சட்டை அந்த வேஷத்துக்குத்தான்... ஹலோ?... வெண்டல்?... ஹலோ?

வெச்சுட்டான். வெட்டுக்கிளி வயித்துக்கு வேற சட்டை எதுவும் சேரலைன்னு சொல்ல வந்தேன்.