கேட்காத உதவிகளைக் கொண்டு சேர்த்த ஆய்வக அக்காவுக்கு

அமிலக் குப்பிகளுக்கு நடுவே அன்பே உருவாக அமர்ந்திருந்தவரே! முப்பத்தோர் ஆண்டுகளில் ஒருமுறையும் ஆய்வகச் சாவியைத் தொலைக்காத சான்றோரே! எங்கள் எல்லோரையும் ஒருசேர ஏமாற்றிய எங்கள் அருமை அக்காவே! வணக்கம்.

மூன்றாவது விளி நேற்று மாலைதான் சேர்ந்தது. ஏன் என்பதை, படபடப்பு இன்னும் அடங்காத நிலையிலேயே, இந்த அவையில் சொல்லிவிடுகிறோம்.

தங்கள் பணிநிறைவு விழாவில் வாசிக்கும் இந்த மடலுக்காகத் தங்கள் பெருமைகளைத் தொகுக்க ஆசிரியர் அறையில் கூடியிருந்தோம். கணக்கு சார்தான் பெருமிதத்தோடு தொடங்கினார். “ஓவிய டீச்சருக்கு மதிப்பெண் பட்டியல் போட வராது, கேக்கக் கூச்சப்படறாங்கன்னு அக்கா சொன்னாங்க. ஆறு வருஷமா நான்தான் போட்டுக் குடுக்கறேன்.”

ஓவிய டீச்சர் கையிலிருந்த தேநீர் சிந்தியது. “நான் எப்போ சார் வராதுன்னேன்? உங்களுக்கு வட்டம் வரைய வராது, கேக்க வெக்கப்படறீங்கன்னு அக்கா சொல்லித்தானே உங்க வகுப்புப் படமெல்லாம் நான் வரைஞ்சு தரேன்!”

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தோம். இயற்பியல் டீச்சருக்குக் கணினி தெரியாது, போய்ச் சொல்லிக்கொடுங்கள் என்று ஒன்பதாம் வகுப்பு மாணவிகளை அனுப்பியவரும் தாங்கள். அந்தப் பிள்ளைகள் மின்சுற்றுப் பாடத்தில் திண்டாடுகிறார்கள், வரும்போது காட்டிக்கொள்ளாமல் கற்றுக்கொடுங்கள் என்று டீச்சரின் காதில் போட்டவரும் தாங்கள்! மதிய இடைவேளைதோறும் இரு தரப்பும் எதிர்த்தரப்பைக் கரையேற்றுவதாக எண்ணிப் பூரித்திருக்கின்றன. யாரும் யாரிடமும் எதையும் கேட்டதே இல்லை! ஒரு பள்ளிக்கூடத்தையே பச்சைப் பொய்யில் நடத்தியிருக்கிறீர்களே, அக்கா!

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்போ ஆறு வருஷமா என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டிருக்கீங்க, இல்ல?” என்று கேட்டுவிட்டுக் கணக்கு சார் விருட்டென்று வெளியேறினார். ஓவிய டீச்சரும் பையை எடுத்துக்கொண்டு முகம் கொடுக்காமல் கிளம்பினார். தாங்கள் சேர்த்துவைத்த அத்தனை பேரும் தாங்கள் படியிறங்கும் முன்பே பிரிந்துபோவோம் என்று பயந்தோம். மடலே வேண்டாம் என்றார்கள் சிலர்.

இன்று காலை இரண்டாம் பாடவேளையில் ஓவிய வகுப்பின் வாசலில் கணக்கு சார் நின்றிருந்தார். காது வரை சிவந்திருந்தது.

“டீச்சர், எனக்கு நெஜமாவே வட்டம் வராது. பசங்க சிரிக்கறாங்க. கொஞ்சம் கத்துக் குடுக்கறீங்களா?”

டீச்சர் சுண்ணக்கட்டியைத் துடைத்து நீட்டினார்.

“உள்ள வாங்க சார். அந்தப் பட்டியல் எனக்கும் இன்னிவரைக்கும் பிடிபடல.”

முன்வரிசைப் பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள். செய்தி அடுத்த மணி அடிக்கும் முன் பள்ளி முழுக்கப் பரவியது. இயற்பியல் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு, தமக்கும் அப்போது கணினி தெரியாது என்றார். மாணவிகள் மின்சுற்றுப் பாடத்தில் திண்டாடியதை ஒப்புக்கொண்டார்கள்.

பொய், பொய் என்று நேற்றெல்லாம் கொதித்தோமே! தாங்கள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை, அக்கா!

கண்ணொளி குன்றாமல், கால்வலி அண்டாமல், காலைகளை நிதானமாகக் கழித்து நெடுங்காலம் நிறைவாக வாழுங்கள்.

இப்படிக்கு,
தெரியாததைத் தெரியாது என்று இன்றுதான் வாய்விட்டுச் சொன்ன
ஆசிரியர்கள், அலுவலர்கள், மாணவ மாணவியர்