பிரேமலதா அம்மா எங்கள் வீட்டுக்கு வந்த நாள்

மேடையில் இருக்கும் டாக்டர் மோகனப்ரியா அவர்களே, பிரேமலதா அம்மாவின் மகன் கிஷோர் அவர்களே, மாதாமாதம் மாத்திரை வரிசையில் என்னோடு நிற்கும் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த அஞ்சலி உரையை நானே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கிறது. நின்று நின்று படித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் வரை கைநாட்டு வைத்தவன் நான்.

எச்.ஐ.வி. வந்த நாம் நரை விழும்வரை இருப்போம் என்று யார் நினைத்தோம்? இருந்தோம். நரைத்தோம். பிறகு எனக்கு மறதி வந்தது. திருப்பதி பஸ் ஸ்டாண்டில், எத்தனையோ வருஷம் ஏறிய எங்கள் ஊர் பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாமல் நின்றேன். மாத்திரையை ஒருநாள் இரண்டு முறை விழுங்கினேன், ஒருநாள் விழுங்கவே இல்லை. நோய் மூளைக்கு ஏறிவிட்டது என்று பயந்தேன். புத்தி போனால் வாய் நிற்குமா? வீட்டில் மறைத்ததை எல்லாம் நானே உளறிவிடுவேனே!

நம் ஆலோசகர் பிரேமலதா அம்மாவிடம் சொன்னேன். அவரும் நம்மைப்போல மாத்திரை விழுங்கியவர். என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். மறதி கொஞ்சம் உண்டு, ஆனால் தூக்கமில்லாததும் சர்க்கரையும் சத்துக்குறைவும் அதைப் பெரிதாக்குகின்றன, சரிசெய்யலாம் என்றார் டாக்டர்.

"மாத்திரய எங்க வெக்கிற அண்ணா?" என்று கேட்டார் அம்மா.

லேபிளைச் சுரண்டி எடுத்து அரிசி மூட்டையில், பிறகு மோட்டார் ரூமில், பிறகு சாமி படத்துக்குப் பின்னால் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"இத்தினி எடம் மாத்திக்கினு இருந்தா எனக்கே மறந்துடும். வீட்ல ஒர்த்தருக்காவது சொல்லு. நான் வரேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே எங்கள் ஊர் வெதுருகுப்பத்துக்கு பஸ் ஏறி வந்தார். மருமகள் கீர்த்தியிடம் நான் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

"தெரியும் மாமா," என்றாள் கீர்த்தி. "அரிசி அள்றப்போ பாட்டில் கையில இடிக்காதா? லேபிள் பாதி ஒட்டிக்கினுதான் இருந்துச்சி. நீங்களா சொல்வீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். நீங்க என்னடான்னா அத தூக்கிக்கினு வீடெல்லாம் சுத்துறீங்க."

அப்போதுதான் அம்மா வாய் திறந்தார்: "இன்னொரு காபி கெடைக்குமா கண்ணு?"

இப்போது பாட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ராத்திரி சாப்பிட்டதும் கீர்த்தி குரல் கொடுப்பாள். புதிதாக ஏதாவது கற்றால் மூளைக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால் எழுதவும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். "இது எழுத்தா, நண்டு நடந்த தடமா?" என்பாள். நானும் விடவில்லை.

அம்மா மார்பு வலியில் போய்விட்டார். போன மாதம்கூட நம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அழத்தான் வந்தேன். ஆனால் மனம் லேசாக இருக்கிறது. பயத்தோடு வாழ்ந்த என்னைப் பயமில்லாதவனாக விட்டுப்போன ஒருவருக்காக வேறு எப்படி இருப்பேன்?

இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் நேற்று என்னிடம், "எனக்கும் மறந்துபோவுதுப்பா, மகளுக்குத் தெரியாது," என்றார். பெயர் சொல்லமாட்டேன். ஐயா, டாக்டரை இன்றே பார்த்துவிடுங்கள். அடுத்த வாரம் உங்கள் ஊருக்கு பஸ் ஏறுகிறேன். நீங்கள் மகளிடம் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நடுவில் பேசமாட்டேன்.