கொக்குப் படம்

லாயிட்: அக்கா, மாடிக் கொடியில ஏன் என் ஹெல்மெட் எல்லாம் தொங்குது?

ஆஞ்சலா: வீட்டுக்குள்ள வெச்சா நாறுதுடா. பதினாறு பசங்க வேர்வை. என்ன செத்துக் கிடக்குன்னு பக்கத்து வீட்டு மமதா நேத்தே கேட்டுட்டா.

லாயிட்: வெயில்ல உள்ள இருக்குற ஸ்பாஞ்சு...

ஆஞ்சலா: இனிமே உனக்கு என்ன? புது யூனிவர்சிட்டியில ஆளுக்கு ஒண்ணு புதுசா தருவான். பொம்மனஹள்ளி தாண்டினா வந்துருது. அறுபது பசங்க, பச்சைப் புல் தரை. கோச் வேலைக்குக் கூப்பிட்டாங்களே, பதில் சொல்லிட்டியா?

லாயிட்: நாளைக்கு வரைக்கும் டைம் இருக்கு.

ஆஞ்சலா: இதுல யோசிக்க என்ன? பதிமூணு வருஷமா இந்தக் குட்டி காலேஜ்ல மண்ணுல உருண்டாச்சு. அமெரிக்கன் ஃபுட்பால்னா பந்தைக் கையில தூக்கிட்டு ஓடலாமா சார்னு கேக்குற பசங்களைப் புடிச்சு...

லாயிட்: முதல் வருஷம் அதுவும் பத்துப் பேர்தான். பதினோராவது ஆளா வாட்ச்மேன் கோவிந்தப்பாவை நிக்க வெச்சேன்.

ஆஞ்சலா: ஆமா, நல்லாத்தான் ஓடினாரு.

லாயிட்: பந்தோட நம்ம பக்கக் கோட்டைப் பாத்து ஓடினாரு.

ஆஞ்சலா: ஏய், பேச்சை மாத்தாத. எனக்காக யோசிக்கிறியா?

லாயிட்: நீ என்ன பண்ணுவ?

ஆஞ்சலா: அங்க மேட்ச்ல சைகைப் படம் தூக்கிக் காட்ட தனியா ஆள் இருக்கும். நான் எதுக்கு? வாரம் பூரா ஸ்கூல்ல மாம்பழம் வரையச் சொல்லித் தர்றேன். சனிக்கிழமை உன் மேட்ச்தான் எனக்குன்னு இருந்துச்சு. கஷ்டமாத்தான் இருக்கும். அதுக்காக நீ போகாம இருக்காத.

லாயிட்: அது இல்லக்கா. அவங்க கூப்பிடுறதே அந்த ஃபைனலுக்காக. கடைசி ஏழு செகண்ட்ல கோச் துணிஞ்சு முடிவெடுத்தார்னு பேப்பர்ல போட்டான்ல.

ஆஞ்சலா: ஃபோட்டோவோட போட்டான்.

லாயிட்: நான் எங்க எடுத்தேன்? மூணு பாயிண்ட் பின்னாடி இருந்தோம். உதைச்சா மூணு வரும், சமம் பண்ணிக்கலாம்னு உன்னை அண்டாப் படத்தைத் தூக்கச் சொன்னேன்.

ஆஞ்சலா: ம்...

லாயிட்: அண்டான்னா உதைக்கணும், கொக்குன்னா தூரமா எறியணும். அந்தப் பக்கத்துக்காரனுக்குப் புரியாம இருக்கத்தான் நீ இந்தப் படமே வரைஞ்ச. இந்த சுஹாஸ் பய அண்டாவைப் பாத்துட்டு எறியறான். பத்ரிநாத் கோட்டுக்கு அந்தப் பக்கம் புடிச்சதால ஆறு பாயிண்ட், கப் வந்துச்சு. கண்ணு தெரியாதவனை எல்லாம் டீம்ல வெச்சா...

ஆஞ்சலா: பையனைத் திட்டாத.

லாயிட்: ஏன்?

ஆஞ்சலா: அவன் கண்ணு நல்லாத்தான் இருக்கு. அவன் பாத்தது கொக்கு.

லாயிட்: கொக்கா?

ஆஞ்சலா: நீ கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டு இருந்த. நீ எப்பவும் உதைக்கத்தான் சொல்லுவன்னு ஊருக்கே தெரியும். அவங்க எல்லாரும் தடுக்க முன்னாடி வந்து நிக்கிறாங்க. பின்னாடி ஒருத்தன் இல்ல. தெரிஞ்சேதான் மாத்தினேன். அப்புறம் சொல்ல பயமா இருந்துச்சு.

லாயிட்: தெரியும்.

ஆஞ்சலா: என்ன தெரியும்?

லாயிட்: திங்கக்கிழமையே தெரியும். மேட்ச் வீடியோவுல ஓரமா நீ தெரியுற. அண்டாவைக் காலால தள்ளி விடுற.

ஆஞ்சலா: அடப்பாவி... அப்போ இவ்வளவு நேரம் சுஹாஸைத் திட்டினது?

லாயிட்: நீயா சொல்றியான்னு பாத்தேன்.

ஆஞ்சலா: சரி, மனசாட்சி கினசாட்சின்னு அவங்ககிட்ட போய் ஒளறாத. சும்மா போய்ச் சேரு.

லாயிட்: வீடியோவைக் காட்டிட்டேனே.

ஆஞ்சலா: யாருக்கு?

லாயிட்: அவங்க ஸ்போர்ட்ஸ் டைரக்டர் அலெக்சாண்டர் சாருக்கு. நேத்து.

ஆஞ்சலா: போச்சு. வந்த வேலையைக் கெடுத்துக்கிட்டியா...

லாயிட்: எனக்கு வேண்டாம்க்கா. இந்தப் பதினாறு பேரோட நான் சந்தோஷமா இருக்கேன், நெஜமா. அறுபது பேர் பேரை ஞாபகம் வெச்சுக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆகும்.

ஆஞ்சலா: அவரு என்னடா சொன்னாரு?

லாயிட்: மூணு தடவை போட்டுப் பாத்தாரு. அப்புறம் வேலை லெட்டர்ல என் பேரை அடிச்சுட்டு உன் பேரை எழுதிட்டாரு. நாளைக்குப் பத்து மணிக்குப் போய்ப் பேசு. அடுத்த ஃபைனல்ல நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.