ஈரல் எண்ணெய்

அக்கா: பாட்டிலை எடுடி முதல்ல! மத்ததெல்லாம் அப்புறம்.

தங்கச்சி: செருப்பைக்கூடக் கழட்டாம வந்து என்ன கத்தல் இது? எந்தப் பாட்டில்?

அக்கா: போன வாரம் வாங்கிக் குடுத்தேனே, மீன் எண்ணெய் மாத்திரை. எங்க?

தங்கச்சி: அலமாரியில. மாசமா இருக்கே, பிள்ளைக்கு மூளை வளரும், முழுங்கு முழுங்குன்னு உயிரை எடுத்தியே, அதுதானே?

அக்கா: அதேதான்... இந்தா, மேல என்ன போட்டிருக்கு? படி.

தங்கச்சி: மீன்... ஈரல் எண்ணெய்.

அக்கா: ஈரல்! மீன் எண்ணெய் வேற, ஈரல் எண்ணெய் வேறயாம். ஈரல்ல வைட்டமின் ஏ மண்டிக் கிடக்குமாம். அளவு மீறினா வயித்துப் பிள்ளைக்கு ஆகாதாம்.

தங்கச்சி: அடிப்பாவி! இதைப் படிக்காமலா வாங்கினே?

அக்கா: மருந்துக்கடைக்காரன் “எல்லாம் ஒண்ணுதாம்மா”ன்னான். இப்ப நான் கேட்ட கேள்வியில, கடையில நின்னவங்க அத்தனை பேருக்கும் காய்ச்சல் வந்திருக்கும்!

தங்கச்சி: அவன் கிடக்கறான். டாக்டரைக் கேக்காம நீ எப்படிக் குடுக்கலாம்? நீயும் ஒண்ணு பெத்திருந்தா அந்தப் பயம் இருந்திருக்கும்...

அக்கா: என்னடி சொன்னே?

தங்கச்சி: ...கோவத்துல வந்துடுச்சு.

அக்கா: திட்டு. நல்லாத் திட்டு. எத்தனை முழுங்கினே, அதை மட்டும் சொல்லு.

தங்கச்சி: அது வந்து... நீ முதல்ல உக்காரு.

அக்கா: வாயைத் திற! தினம் போன்ல “ஆச்சுக்கா, ஆச்சுக்கா”ன்னியே?

தங்கச்சி: ஒண்ணுகூட முழுங்கலை.

அக்கா: என்னது?

தங்கச்சி: அந்த நாத்தத்துக்குக் குடலே வெளிய வந்துடும்போல இருந்தது. தினம் ஒண்ணா ஜன்னல் வழியா வீசிட்டேன். இந்தத் தெருப் பூனை மொத்தமும் இப்ப நம்ம மதில் மேலதான் குடித்தனம்.

அக்கா: பொய்க்காரி! ஒரு வாரமா என் காதுல பூ சுத்தினியா? உன்னை...

தங்கச்சி: கையை ஓங்காதே! தப்பிச்சாளேன்னு சந்தோஷப்படுவியா... ஏன் கண்ணு கலங்குது?

அக்கா: ஒண்ணுமில்லை. நல்லவேளை...

தங்கச்சி: இரு, இரு. இந்த ஈரல் கதையெல்லாம் உனக்கு யார் சொன்னா?

அக்கா: டாக்டரம்மா. காலையில. “கொஞ்ச நாள்தானே, ஸ்கேன் நல்லா இருக்கு, பயப்படாதே. இன்னியோட நிறுத்து, சரியானதை நானே எழுதித் தர்றேன்”னாங்க.

தங்கச்சி: ஸ்கேனா? நான் இங்க இருக்கேன், அங்க யாருக்கு ஸ்கேன்?

அக்கா: அதை விடு. முதல்ல இந்தப் பாட்டிலைக் குப்பையில போடு.

தங்கச்சி: அக்கா? பிள்ளையும் வேண்டாம், வைத்தியமும் வேண்டாம், இனிமே அந்த டாக்டரம்மா வாசலையே மிதிக்க மாட்டேன்னு வீம்பா இருந்தவ நீ... சொல்லித் தொலையேன்!

அக்கா: ரெண்டு பாட்டில் வாங்கினேன்டி. நீ வீசிட்டே... நான் ஒருநாள்கூடத் தவறாம முழுங்கித் தொலைச்சேன். எனக்கும் மூணாவது மாசம்.