கல்லாவுக்குக் காட்டிய சூடம்

எங்கள் ஓட்டலில் தோசைக்கு மூன்று சட்னி வைப்போம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மூன்று சட்னி வைக்கிற கடை வேறு இல்லை. தொழிலாளர் துறையிலிருந்து விசாரிக்க வந்த அன்று, அம்மா, நீங்கள் ஒரு காபிகூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள். அதில் எனக்கு வருத்தம்தான்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. கல்லாவில் பணம் குறைந்தால் வேலை செய்கிறவர்கள் சம்பளத்தில் பிடிக்கிறீர்களாமே, உண்மையா, எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். உண்மை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அபராதம் கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஆனால் எழுத உட்கார்ந்ததும் அந்த ஒரு வரி பொய்யைவிட மோசமாகத் தெரிந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் பெயர் ராஜதுரை. சொந்த ஊர் நைனார்பாளையம். ஓட்டல் என் மனைவியின் அண்ணன் அரங்கநாதனுடையது. முதல் அவருடையது, உழைப்பு என்னுடையது, லாபத்தில் எனக்கும் ஒரு பங்கு என்று பேச்சு. கல்லாவில் உட்காருவது நான் மட்டும்தான். வேலை செய்கிறவர்கள் என்னை முதலாளி என்பார்கள். சாயங்காலம் கணக்குப் பார்க்க வரும் மச்சான் என்னை மாப்ள என்பார். வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்து பார்த்தவனுக்குத்தான் அந்த வார்த்தையின் கனம் தெரியும்.

எனக்குப் பணம் வேண்டுமென்றால் அவரிடம் கேட்க வேண்டும். கேட்டால் கொடுத்துவிடுவார். கொடுக்கும்போது, எதற்கு என்று என் மனைவியைப் பார்த்துக் கேட்பார், என்னைப் பார்த்து அல்ல. அதற்காகவே நான் கேட்பதை நிறுத்தினேன். வீட்டு மாடியில் ஓர் அறை கட்ட வேண்டும், அதை என் சொந்தக் காசில் கட்டினேன் என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்று ஓர் ஆசை. அதற்காக ஒரு சீட்டில் சேர்ந்தேன். சீட்டுப் பணத்தைக் கல்லாவிலிருந்து எடுத்தேன். தேன் எடுக்கிறவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பார்கள். நான் நக்கியது அவ்வளவுதான் என்று அப்போது நினைத்தேன்.

மச்சான் கண்டுபிடித்துவிட்டார். ஒருநாள் நோட்டுகளை எண்ணிவிட்டு, "இன்னா மாப்ள, கம்மியா கீது?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "பசங்கதான் மச்சான். நான் கைகழுவப் போற நேரத்துல எவனாவது கைய வுட்டிருப்பான்" என்றேன். அந்தப் பதில் தானாக வந்தது. யார் மேலும் எனக்குக் கோபமில்லை. வாய்க்கு அருகில் இருந்ததை எடுத்துப் பேசினேன்.

விதி போட்டது அவர்தான். கல்லா மேசையில் ஓர் எவர்சில்வர் தூக்கு இருக்கும். சாப்பிட வருகிறவர்கள் கொடுக்கிற டிப்ஸை யாரும் தனியாக வைத்துக்கொள்ளாமல் அதில் போடுவார்கள். அமாவாசையன்று காலையில் கல்லாவுக்குச் சூடம் காட்டி, தூக்கைத் திறந்து, மாவு ஆட்டுகிறவரிலிருந்து இலை எடுக்கிற அம்மா வரை பங்கு போட்டுக்கொள்வார்கள். மலையிலிருந்து வந்து வேலை செய்கிற பெண்கள் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டுதான் கரியாலூர் பஸ் ஏறுவார்கள். இனிமேல் கல்லாவில் எவ்வளவு குறைகிறதோ அதைத் தூக்கிலிருந்து எடு, பற்றாவிட்டால் சம்பளத்தில் பிடி என்றார் மச்சான்.

நான் எதிர்த்துப் பேசவில்லை. அந்த விதி வந்த பிறகுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அதற்கு முன்பு எடுக்கும்போது கை கூசும். பிறகு கூசவில்லை. குறைந்தால் நிரப்ப ஓர் ஏற்பாடு இருக்கிறதே. கொஞ்சம் ஜாஸ்தியாகவே எடுக்க ஆரம்பித்தேன். அறைக்கு டைல்ஸ் போடும் நேரம் அது.

இனி சாலம்மாளைப் பற்றி எழுத வேண்டும்.

கரியாலூருக்கு மேலே ஒரு சிற்றூர் அவளுக்கு. வீட்டில் கொஞ்சம் சாமை விளையும், அது வாய்க்கும் வயிற்றுக்கும் பற்றாது. ஓட்டலுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் மற்றப் பெண்களோடு தங்கிக்கொண்டு காய் நறுக்குவாள், மேசை துடைப்பாள். ஒரே மகள், தேவதர்ஷினி. நர்சிங் படிக்கச் சேர்த்திருந்தாள். டிப்ஸில் தன் பங்கைச் சாலம்மாள் வாங்கிக்கொள்ள மாட்டாள். "உங்ககிட்டயே இருக்கட்டும் மொதலாளி. எங்கூட்டுக்காரர் நல்லவர்தான், ஆனா கையில காசு நிக்காது. புள்ளைக்கு ஃபீஸ் கட்டறப்போ வாங்கிக்கிறேன்" என்பாள். அப்படிப் பதினெட்டாயிரம் சேர்ந்திருந்தது. என்னை நம்பித்தான் கொடுத்தாள். அதை எழுதும்போது எனக்கு முகம் கூசுகிறது.

அவளைப் பற்றி இன்னொன்றும் எனக்குத் தெரியும். ஒருமுறை அருவி பார்க்க வந்த ஒரு குடும்பம் கை கழுவுகிற இடத்தில் மோதிரத்தை விட்டுவிட்டுப் போனது. சாலம்மாள்தான் எடுத்துவந்து என்னிடம் கொடுத்தாள். திரும்பி வந்தவர்கள் இரண்டு மோதிரம் இருந்தது என்றார்கள். சாமி படத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய் என்றார்கள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். "மெய்யா இருந்தாலும் நாங்க சத்தியம் பண்ண மாட்டோம்ங்க. அது புள்ள தலையில போய் விடியும்" என்றாள். மறுநாள் அவர்களே போன் செய்து, இன்னொரு மோதிரம் பையில் இருந்தது, மன்னித்துவிடுங்கள் என்றார்கள். அன்று நான் அவளுக்கு ஒரு காபி போட்டுக் கொடுக்கச் சொன்னேன்.

போன ஆடி மாதம் நான் எடுத்தது ரொம்பவும் கூடிப்போயிற்று. தூக்கைக் கவிழ்த்தாலும் ஈடுகட்ட முடியாது. எல்லோர் சம்பளத்திலும் பிடித்தால் தோசை மாஸ்டர் வேடியப்பன் வேலையை விட்டுப் போய்விடுவார். அவர் போனால் தோசையும் போச்சு, மூன்று சட்னியும் போச்சு. ஒருத்தர் தலையில் கட்டினால்தான் கடை நிற்கும். நியாயமாக யோசித்துத்தான் அந்த முடிவுக்கு வந்தேன் என்று அன்று நினைத்தேன்.

அமாவாசையன்று எல்லோரையும் கல்லா முன்னால் நிற்கவைத்தேன். மச்சானும் இருந்தார். தட்டில் சூடம் ஏற்றி, எடுக்கவில்லை என்றால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுப் போகட்டும் என்றேன். முதலாளியாக இருந்தாலும் நியாயம் ஒன்றுதான் என்று சொல்லி முதலில் நானே அணைத்தேன். உள்ளங்கையில் லேசாகச் சுட்டது, அவ்வளவுதான். அடுத்து வேடியப்பன். பிறகு ஒவ்வொருவராக. சாலம்மாள் முறை வந்தபோது அவள் கையைப் புடவைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நான் எடுக்கலைங்க. ஆனா சத்தியம் மட்டும் கேக்காதீங்க" என்றாள். என் முகத்தைத்தான் பார்த்தாள். மோதிர விஷயத்தை நான் எடுத்துச் சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் சூடத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மனசுல அழுக்கு இல்லாதவ இன்னாத்துக்கு பயப்படணும்?" என்றார் மச்சான். அவருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. என்னிடம் இருந்த அவள் சேமிப்பும் அந்த மாதச் சம்பளமும் கழிந்துபோயின, மீதி அவள் பேரில் கடனாக நின்றது. போலீசுக்குப் போக வேண்டாம் மச்சான், பாவம் என்று நான்தான் தடுத்தேன். அப்போது அவள் எனக்குக் கும்பிடு போட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவள் புருஷன் மாயவன் வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தேன். "அவ எடுத்திருக்க மாட்டாங்க மொதலாளி. சத்தியமும் பண்ண மாட்டா. அவகிட்ட நான் இன்னா பண்றது?" என்றான். பிறகு, "ஃபீசுக்கு மட்டும் குடுத்துடுங்க. கட்டலன்னா பரீட்சைக்கு வுட மாட்டாங்களாம். மிச்சத்த நான் வந்து வேல செஞ்சி கழிக்கிறேன்" என்றான். என் கையில் எதுவும் இல்லை, மச்சானைக் கேட்க வேண்டும் என்றேன். அவன் கிளம்பும்போது இட்லி பார்சல் கட்டிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

ஒரு மேஸ்திரி முன்பணம் கொடுத்து ஆட்களைச் செம்மரக் கட்டை வெட்ட ஆந்திராப் பக்கம் கூட்டிக்கொண்டு போகிறான் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். அது எப்படிப்பட்ட வேலை என்பதும் தெரியும். மாயவன் அந்த வாரமே போய்விட்டான். முன்பணத்தில் பாதிதான் வீட்டுக்கு வந்ததாம். போனவன் இன்னும் திரும்பவில்லை. ஜெயிலில் இருக்கிறான் என்கிறார்கள் சிலர். சிலர் எதுவும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். சாலம்மாள் மலையை விட்டு இறங்குவதே இல்லை.

தை பிறந்ததும் தேவதர்ஷினி ஓட்டலுக்கு வந்தாள். படிப்பை விட்டுவிட்டாள். "எங்கம்மா எடுத்துச்சுன்னு ஊரெல்லாம் பேசிக்கினு கீறாங்க. எவ்ளோ மிச்சம் கீதுன்னு சொல்லுங்க, நான் வேல செஞ்சி கழிச்சிட்டு எங்கம்மாவுக்கு ஒரு வார்த்த வாங்கிக்கினு போறேன்" என்றாள். நான் அவளைச் சேர்த்துக்கொண்டேன். பெண் பிள்ளை, வேறு எங்கே போகும் என்று நினைத்தேன். அம்மா நறுக்கிய இடத்திலேயே உட்கார்ந்து நறுக்கினாள். அவள் சம்பளத்திலும் பாதியைப் பிடித்தோம். கல்லாவில் குறைவது மட்டும் நிற்கவில்லை. டைல்ஸ் முடிந்து ஏ.சி. வாங்க வேண்டியிருந்தது.

போன அமாவாசைக்குக் கல்லாவுக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தேன். யாரிடமும் யாரும் சத்தியம் கேட்கவில்லை. தேவதர்ஷினி ஈரக் கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டு வந்து, எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அணைத்துவிட்டு எடுக்கவில்லை, அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். "எங்கம்மா எனக்காக பண்ணாம வுட்டுச்சு. நான் எங்கம்மாவுக்காக பண்றேன். எடுக்கல. நானும் எடுக்கல, எங்கம்மாவும் எடுக்கல. எவன் எடுத்தானோ அவனும் இதே தட்டுலதான் கைய வெச்சான்" என்றாள்.

யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. வேடியப்பன்தான் அவள் கையைப் பிடித்து எடுத்துத் தோசை மாவை அப்பினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். உங்களுக்கு மனு எழுதியது அவர்தான் என்று நினைக்கிறேன். எழுதட்டும். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

ஆகவே, அம்மா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். கல்லாவில் குறைந்த பணம் முழுவதையும் எடுத்தவன் நான். சத்தியத்தை வைத்ததும் நான். திருடியவன் யோசிக்காமல் அணைப்பான், திருடாதவர்களும் அணைப்பார்கள், அவள் ஒருத்திதான் அணைக்க மாட்டாள் என்று தெரிந்துதான் வைத்தேன். மாடியறைக்கு நான் இப்போது போவதில்லை. ஏ.சி.யைப் போட்டாலும் அங்கே தூக்கம் வரவில்லை.

வெட்கம் என்றால் என்னவென்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அதற்காக ஒரு காரியம் செய்தேன். சாலம்மாளின் பதினெட்டாயிரத்தைச் சீட்டு எடுத்த பணத்திலிருந்து தனியாக ஒரு கவரில் போட்டு, அவள் பெயரையும் எழுதி, கல்லாவின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை முடித்ததும் தேவதர்ஷினியிடம் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். இன்று கல்லாவில் ஆயிரத்து இருநூறு இடிக்கிறது. மச்சான் வருகிற நேரம். அதனால் அந்தக் கவரிலிருந்து எடுத்து நிரப்பியிருக்கிறேன், நாளைக்குத் திருப்பி வைத்துவிடுவேன். இந்த முறை யாருடைய சம்பளத்திலும் நான் கை வைக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.