வண்ணாத்திப்பூச்சிப் போர்வை

போதகர் ஐயா, பழைய துணியில்தான் நல்ல போர்வை தைக்கலாம். புதுத்துணி ஊசிக்கு இடம் கொடாது. இருபது வருடமாக மிஷன் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் படிப்பிக்கிறவள் சொல்கிறேன், நம்பலாம்.

துண்டுத்துணிப் போர்வையை எங்களுக்குக் காட்டித் தந்தவர் அமெரிக்காவிலிருந்து வந்த மிசியம்மா. செட்டை விரித்த பூச்சி ஒன்றை வெட்டிக் காட்டி, தமிழில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். வகுப்பே சேர்ந்து "வண்ணாத்திப்பூச்சி" என்று சொல்லிவிட்டு, றோசைப் பார்த்துச் சிரித்தது. றோஸ் எங்கள் ஊர் வண்ணாரின் மகள். கிறிஸ்து வேதத்துக்கு வந்தால் சாதி போய்விடும் என்று நம்பிய குடும்பம். நானும் சிரித்தேன், மறைக்கவில்லை.

ஆனால் அவள் தைத்த பூச்சி பறந்தது. மற்றவர்களுடையது கருவாடு மாதிரிக் கிடந்தது, என்னுடையதும்தான். வருகிற தை மாதத்திலிருந்து தையல் வகுப்பு றோசுக்கு என்றார் மிசியம்மா. எனக்கு ஓய்வாம். வெள்ளாளர் வீட்டுப் பிள்ளைகள் ஒரு வண்ணாத்தியை "ரீச்சர்" என்று கூப்பிடுவதா? எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் எரிந்தது.

அந்தக் கிழமை சாவகச்சேரியில் என் சித்தியின் மகள் அம்மை கண்டு செத்தாள். அவள் போர்த்திக் கிடந்த மஞ்சள் சேலையை எரிக்கச் சொல்லி என்னிடம் தந்தார்கள். நான் எரிக்கவில்லை. எனக்கு அம்மைப்பால் குத்தியிருக்கிறது. பள்ளியில் குத்த வந்த அன்று றோஸ் வரவில்லை. வரவு இடாப்பு என் கையில்தான் இருந்தது.

சேலையில் ஒரு பாதியைக் கிழித்து அவளிடம் கொடுத்தேன். செட்டைக்கு நல்ல நிறம் என்றேன். அவள் முகர்ந்து பார்த்தாள். வெளுக்கிற வீட்டு மூக்கு, இலேசில் ஏமாறாது.

"ரீச்சர், இது வெளுத்த சீலையோ?"

"ஓம் பிள்ளை. உன்ரை கொம்மாதான் வெளுத்தவள்."

தாயின் கைபட்டது என்றதும் அவள் முகம் மலர்ந்தது. நூலைப் பல்லால் கடித்துக் கடித்து ஆறு பூச்சி தைத்தாள். மூன்று கிழமையில் காய்ச்சல் கண்டது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், அடக்க ஆராதனையை நடத்தியவரே நீங்கள்தானே. நல்ல பிரசங்கம்.

ஓம், அவளைக் கொன்றது நான்தான். அதற்காக என்னை இரக்கமில்லாதவள் என்று எண்ணிவிடாதீர்கள். இன்று காலை அவளுடைய தாய் வழக்கம்போல அழுக்குத் துணி எடுக்க வந்தாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது. கைக்கு வேலை இருந்தால் துக்கம் ஆறும் என்று, மிச்சச் சேலையையும் மூட்டையில் வைத்துக் கட்டிக் கொடுத்தேன்.